பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு மனிதருடைய குணம் பாதி தெரிந்துவிடும். சாவியைத் திருப்பினோம், எடுத்தோம், நடந்தோம் என்று போகிறவர்கள் ஒரு வகை. தெருமுனை வரையில் போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்த்து, மறுபடியும் தெருமுனையில் சந்தேகப்படுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் வீட்டில் என்றாவது ஒருநாள் திருடன் புகுவான். அவர்களைப் பற்றித் துப்பறியும் கதை எழுதலாம். இரண்டாம் வகையினர் ரயிலைத் தவறவிடுவார்கள். அவர்களைப் பற்றி ஹாஸ்யக் கதை எழுதலாம். இந்த இருவருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார். சாவியை எடுத்ததும் பூட்டை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். பிறகு அதைப் பற்றி நினைக்காமல் போய்விடுவார். அவர் வீட்டில் திருடனும் வருவதில்லை. அவர் ரயிலைத் தவறவிடுவதும் இல்லை. எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்கு அவரால் காலணா பிரயோஜனம் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு மனுஷரோடு சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கழிக்க நேர்ந்தது. அவர் இழுத்துப் பார்த்தது பூட்டை அல்ல. ஓர் ஆகாய விமானத்தை.

ஆகாய விமானம் என்றவுடன் நேயர்கள் மீனம்பாக்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய விமானம். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை ஒன்றரை மீட்டர். எடை 2 கிலோவுக்குச் சற்று மேலே. தரையில் நிற்பவர் கையிலுள்ள ரிமோட்டிலிருந்து புறப்படும் ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பட்டு அது பறக்கும். என் அக்கா மகன் அதைத் தன் கையாலேயே செய்திருந்தான். மூன்று மாத காலம் அக்காவின் வீட்டுக் கூடத்தில் பால்ஸா மரத்தூளும் பசை நாற்றமுமாக இருந்தன. பால்ஸா என்பது தக்கையைப் போன்ற லேசான மரம், பிளேடால் சீவலாம். அந்த மரச் சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டி இழுத்துப் போர்த்தி, சிவப்பும் மஞ்சளுமாக அவன் செய்து முடித்ததைப் பார்த்தபோது, பறக்காவிட்டாலும் பரவாயில்லை, கொலுவில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்கா அதை "பொம்மை" என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பையனுக்கு முகம் சிவந்துவிடும்.

பையன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. இந்தப் பொம்மைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் 1937-ஆம் ஆண்டிலேயே ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கஃப்'. வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் விமானக் காட்சிசாலை அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

அக்கா பக்கத்திலும் ஒரு தவறு இருந்தது. பொம்மை என்றால் ஆபத்தில்லை என்று அவள் நினைத்தாள். 2 கிலோ அரிசி மூட்டை ஒன்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கு நேராக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டையின் முனையில், நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றும் ஒரு கத்தியும் இருக்கிறது. அதுதான் இது. 2013-ஆம் ஆண்டு நியூயார்க்கில் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில் ரேடியோவால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர் தலையில் மோதி 19 வயது இளைஞன் ஒருவன் இறந்துபோனான். அதை ஓட்டிக்கொண்டிருந்தவனே அவன்தான். பழக்கமில்லாதவனும் அல்ல, கைதேர்ந்தவன் என்று பெயர் எடுத்தவன்.

அன்று காலையில் நாங்கள் போன இடம் திண்டிவனத்துக்கு அப்பால் தண்ணீர் வற்றிப்போன ஓர் ஏரி. எங்கே வேண்டுமானாலும் பறக்கவிட்டுவிட முடியாது. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி தேசத்தின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சை என்று குறித்த இடத்தில் 400 அடி உயரம் வரையில் பறக்கவிட முன் அனுமதி வேண்டியதில்லை. அந்த ஏரி பச்சை. பையனுடைய முதல் சொந்த விமானம் முதன்முதலாகப் பறக்கப்போகிறது என்று அக்கா, அத்திம்பேர், அத்திம்பேரின் தாயார், சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர், நான் என்று ஒரு வேன் கொள்ளும் கூட்டம். தூக்கு நிறைய இட்லி. அத்திம்பேரின் தாயார் கரையோரம் ஒரு பனைமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடப்பதுபோல் பையன் விமானத்தை ஏந்திக்கொண்டு ஏரிக்குள் இறங்கினான்.

அங்கேதான் அந்தப் பெரியவர் காத்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். ஒரு பட்டறையில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் மாதிரி விமானம் விடுகிற பையன்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். சம்பளம் வாங்காத வாத்தியார். அவர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு அட்டை தொங்கிற்று. தபால் கார்டு அளவு, கண்ணாடித்தாள் ஒட்டியது, எண்ணெய்க் கறை படிந்தது.

"ஆரம்பிக்கலாமா தம்பி?" என்று அட்டையைக் கையில் எடுத்தார்.

"நேற்று ராத்திரியே எல்லாம் பார்த்துவிட்டேன் ஐயா" என்றான் பையன். ஓரக்கண்ணால் சித்தப்பா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டான்.

"நேற்று ராத்திரி பார்த்தது நேற்று ராத்திரிக்கு. இப்போது இந்த வேளைக்குப் பார்ப்போம்."

அட்டையின் முதல் வரிகளில் விமானத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. சூரியன் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், மைதானத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்றுதான் இருந்தது. பிரிட்டனில் மாதிரி விமானக்காரர்களின் சங்கம் இதற்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கிறது: சூரியன், காற்று, நடக்கக்கூடியவை, அவசர நிலைமைகள், டிரான்ஸ்மிட்டர் கட்டுப்பாடு, இடத்தின் விதிகள். இந்த ஆறின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்தால் 'ஸ்வீட்ஸ்' என்று வரும். மிட்டாய் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது அல்லவா? சூரியனுக்கு நேராக விமானம் போனால் ஓட்டுகிறவனுக்குக் கண் கூசும். ஒரு விநாடி கண்ணை மூடித் திறப்பதற்குள் விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். ஆகையால் வானத்தைப் பார்த்த பிறகுதான் விமானத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இழுத்துப் பார்ப்பது. பெரியவர் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் உரக்கச் சொல்லுவார். பையன் அதைக் கையால் தொட்டு, லேசாக இழுத்து, "சரி" என்று சொல்ல வேண்டும். இறக்கையின் திருகாணி, வால், வாலின் கீல், கம்பிகளின் கொக்கி, சக்கரம், புரொபெல்லரின் மரை. தொடாமல் "சரி" சொன்னால் அவர் அதே பெயரைத் திரும்பவும் சொல்லுவார். கோபமில்லாமல், அதே குரலில்.

பிறகு இரண்டு விரல் நுனிகளை இறக்கைக்கு அடியில் கொடுத்து விமானத்தைத் தூக்கி நிறுத்தினார். விரலை எங்கே கொடுத்தால் விமானம் தராசுமுள் மாதிரி நேராக நிற்கிறதோ, அந்த இடம் பெரும்பாலும் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த வித்தைக்காரர்களிடையே ஒரு வசனம் உண்டு: மூக்கு கனத்த விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே தடவை பறக்கும்.

இதன் பிறகே மின்சாரம். இதிலும் ஒரு கிரமம் இருக்கிறது. முதலில் கையிலுள்ள ரிமோட்டை உயிர்ப்பிக்க வேண்டும். அப்புறம்தான் விமானத்தின் பாட்டரியை இணைக்கலாம். முடிக்கும்போது தலைகீழாக, முதலில் விமானம், கடைசியில் ரிமோட். பாகன் மேலே ஏறி உட்கார்ந்த பிறகு யானையின் சங்கிலியை அவிழ்ப்பது போல. பாகனில்லாமல் அவிழ்த்தால் யானை என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. பாட்டரியை இணைத்த நிமிஷத்திலிருந்து அந்தப் புரொபெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுற்றும் என்று நினைத்துக்கொண்டுதான் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு முன்னாலோ அதன் வட்டத்துக்கு நேர்ப்பக்கத்திலோ யாரும் நிற்கக்கூடாது.

"பாட்டரி?" "நிறைந்திருக்கிறது ஐயா. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்."

"திரையில் விமானத்தின் பெயர்?" "சரி."

அப்புறம் ஒரு சித்தப்பா பையனை விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரிமோட்டின் சக்தியைக் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி, முப்பது அடி எடுத்து வைத்துத் தள்ளிப் போய் நின்றார்கள். குறைந்த சக்தியில் இந்தத் தூரத்துக்கு உத்தரவு எட்டினால் முழுச் சக்தியில் வானத்தில் எட்டும் என்று கணக்கு. மோட்டார் நிற்கும்போது ஒரு தரம், ஓடும்போது ஒரு தரம். பிறகு விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அணைத்துவிட்டார் பெரியவர். மோட்டார் தானாக நின்றது. எஜமானன் குரல் கேட்காவிட்டால் வண்டி நின்றுவிட வேண்டும். எஜமானனைத் தேடிக்கொண்டு ஓடக்கூடாது.

முன்காலத்தில் இன்னொரு கவலையும் இருந்ததாம். பழைய ரிமோட்டுகளுக்கு ஆளுக்கு ஒரு அலைவரிசை எண். ஒரே எண்ணில் இரண்டு பேர் பொத்தானைப் போட்டால், வானத்திலிருக்கும் விமானம் இருவருக்கும் சொந்தமாகி, ஒருவருக்கும் அடங்காமல் விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, எண் எழுதிய கிளிப்புகளை, சில இடங்களில் துணி காயப்போடும் சாதாரணக் கிளிப்புகளையே, அதில் மாட்டியிருப்பார்கள். கிளிப் கையில் உள்ளவன்தான் ரிமோட்டைத் தொடலாம். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் விமானத்தை மட்டும் அடையாளம் கண்டு பேசுவதால் அந்தப் பலகைக்கு அவசியமில்லாமல் போய்விட்டது. "யந்திரம் ஒரு கவலையை எடுத்துக்கொண்டால் வேறொன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போகும்" என்றார் பெரியவர். எது என்று நான் கேட்பதற்குள் அது தானாகவே வந்தது.

"வாலுக்குப் பின்னால் வந்து நில். வலது பக்கம் தள்ளு."

இறக்கைகளின் பின் விளிம்பில் கதவு மாதிரி மேலும் கீழும் அசையும் மடல்கள் இரண்டு இருக்கின்றன. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது மடல் மேலே எழ வேண்டும். இடது மடல் கீழே இறங்க வேண்டும். பையன் குச்சியை வலப்பக்கம் தள்ளினான். மடல்கள் சுறுசுறுப்பாக அசைந்தன. பையன் "சரி" என்றான். சித்தப்பா பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பெரியவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. "வலது பக்கம் தள்ளு" என்றார் மறுபடியும்.

மூன்றாவது தடவைதான் பையன் உண்மையிலேயே பார்த்தான். வலது மடல் கீழே இறங்கியிருந்தது. இடதுதான் மேலே எழுந்திருந்தது.

விஷயம் இதுதான். இந்தக் காலத்து ரிமோட் ஒன்றுக்குள்ளேயே பல விமானங்களின் கணக்குகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு விமானத்தில் சின்ன மோட்டார் இந்தப் பக்கம் பார்த்துப் பொருத்தியிருக்கும். இன்னொன்றில் அந்தப் பக்கம். அதற்குத் தகுந்தபடி திசையை மாற்றி எழுதியிருப்பார்கள். முதல் நாள் இரவு பையன் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. காலையில் வேன் வருவதற்கு முன், சித்தப்பா பிள்ளைகள் கேட்டார்கள் என்று தன்னுடைய பழைய தெர்மாகோல் விமானத்தின் மடல்களை அசைத்துக் காட்டியிருக்கிறான். அதற்காகப் பழைய கணக்கைத் திறந்தவன், புதிய கணக்குக்குத் திரும்பவில்லை. சில ரிமோட்டுகள் இப்படி ஆள் மாறினால் விமானத்தோடு பேசவே மறுத்துவிடும். அவன் வாங்கியிருந்த மலிவான செட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. திரையில் பழைய விமானத்தின் பெயர்தான் இருந்தது. கேட்டபோது அவன் திரையைப் பார்க்காமலே பதில் சொல்லியிருந்தான்.

"வாய் சரி என்றது, மடல் இல்லை என்கிறது" என்றார் பெரியவர். அவ்வளவுதான் அவர் கண்டித்தது.

அந்த விமானம் அப்படியே கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தரையை விட்டு எழும்பும்போது ஏதாவது ஒரு காற்று ஓர் இறக்கையைச் சற்றே சாய்க்கும். சாய்க்காமல் இராது. இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் தள்ளுவான். விமானம் இன்னும் இடது பக்கம் சாயும். பயந்துபோய் இன்னும் பலமாகத் தள்ளுவான். எவ்வளவு நன்றாக ஓட்டத் தெரிந்தவனோ அவ்வளவு வேகமாகத் தள்ளுவான். எல்லாம் இரண்டு மூன்று விநாடி. காற்று அன்றைக்கு ஏரியின் நடுவிலிருந்து கரையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. காற்றை எதிர்த்துக் கிளம்புகிற விமானத்துக்கு இடது கைப் பக்கம் அந்தப் பனைமரம். அதன் அடியில் அத்திம்பேரின் தாயார் பேரப்பிள்ளைகளுக்கு இட்லிக்கு மிளகாய்ப்பொடி குழைத்துக்கொண்டிருந்தார்.

கணக்கை மாற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் குச்சியைத் தள்ளினான். வலது மடல் எழுந்தது. ஆனால் பெரியவர் அட்டையின் முதல் வரிக்குப் போய்விட்டார். நடுவில் ஒன்றை மாற்றினால் முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். "சூரியன்?" என்றார். "காற்று?" என்றார். அதற்குள் மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. காற்று வலுத்து, கரையில் பனையோலைகள் சடசடக்க ஆரம்பித்திருந்தன. எதிர்க் கரையிலிருந்து ஒரு பையன் பட்டாளம் மட்டையும் ஸ்டம்புமாக ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்றைக்கு வேண்டாம் தம்பி" என்றார்.

பையனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மூன்று மாத வேலை. ஒரு வேன் நிறைய உறவு. அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "இந்த மனுஷர் ரொம்பத்தான் பண்ணுகிறார்" என்று என் காதோடு சொன்னாள். அத்திம்பேர் வேன் வாடகையை நினைத்துக்கொண்டு நின்றார். விமானத்தைத் துணியால் சுற்றி வேனில் ஏற்றினோம். இட்லி சாப்பிட்டோம். பெரியவருக்கும் கொடுத்தோம், நாலு இட்லி சாப்பிட்டார்.

கதைக்காரனுக்குரிய ஆசை எனக்கு விடவில்லை. இவ்வளவு கறாராக இருக்கிற மனிதருடைய வாழ்க்கையில் ஒரு பயங்கரம் நடந்திருக்க வேண்டும். ஒரு விரலாவது போயிருக்க வேண்டும். ஒரு சிநேகிதராவது அடிபட்டிருக்க வேண்டும். கைகளைக் கவனித்தேன். பத்து விரலும் இருந்தன. கேட்டே விட்டேன்.

"உங்கள் அநுபவத்தில் பெரிய விபத்து ஏதாவது நடந்ததுண்டா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "இல்லை சார். முப்பத்தோரு வருஷமாகிறது. ஒன்றும் நடந்ததில்லை" என்றார். நான் முகம் வாடியதைக் கண்டுதானோ என்னவோ, "அதற்குத்தானே பார்ப்பது?" என்று சேர்த்துக்கொண்டார்.

ஒன்றும் நடக்காத இடத்தில் கற்றுக்கொள்ளுகிறவர்கள் அபூர்வம். உலகம் பெரும்பாலும் நடந்த பிறகுதான் கற்றுக்கொள்ளுகிறது. பெரியவர் கழுத்திலிருந்த அட்டைக்கே அப்படி ஒரு பூர்வ கதை இருக்கிறது. அது பொம்மை விமானங்களிலிருந்து வந்ததல்ல.

1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30. அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகருக்கு அருகே ரைட் பீல்டு என்ற விமானத்தளம். ராணுவம் புதிய குண்டுவீச்சு விமானம் வாங்குவதற்காகப் போட்டி வைத்திருந்தது. போயிங் கம்பெனி '299' என்ற விமானத்தைக் கொண்டுவந்திருந்தது. போட்டியிட்ட மற்ற விமானங்களுக்கு இரண்டு என்ஜின், இதற்கு நான்கு. இதுதான் ஜயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில். ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. கம்பெனியின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் உடன் இருந்தார். விமானம் ஓடியது, எழும்பியது, மூக்கை மேலே மேலே தூக்கிக்கொண்டு போயிற்று. சில நூறு அடி உயரத்தில் நிலை தவறி விழுந்து எரிந்தது. ஹில் இறந்தார். டவரும் அந்தக் காயங்களினால் பின்னர் இறந்துபோனார்.

ஆராய்ந்து பார்த்தபோது யந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது, காற்றில் வாலின் மடல்கள் அடித்துக்கொண்டு சேதமாகாமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். கிளம்புமுன் அதைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. நாம் வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்கிறோம். அங்கே திறந்தோமா என்று பார்க்க வேண்டியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பூட்டு இருப்பது அவர்களுக்குத் தெரியாதா? விமானத்தை உருவாக்கிய நாள் முதல் கூடவே இருந்தவர் டவர். குறைந்த அறிவினால் நேர்ந்த விபத்து அல்ல அது. அந்த அறிவு அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவே. இதைப் புரிந்துகொண்ட விமானிகள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்னும் கெட்டிக்காரர்களைத் தேடி அவர்கள் போகவில்லை. இன்னும் அதிகமாகப் படிக்கச் சொல்லவும் இல்லை. புறப்படுமுன் என்ன, பறக்கும்போது என்ன, இறங்குமுன் என்ன, இறங்கிய பின் என்ன என்று ஜாப்தா எழுதி வைத்துக்கொண்டார்கள். சிறு பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது மாதிரியான ஜாப்தா. ராணுவம் சோதனைக்காக அந்த விமானத்தில் 13 வாங்கியது. பிற்பாடு பி-17 என்ற பெயரில் 12,000-க்கு மேல் கட்டப்பட்டன.

எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஜாப்தா உறுத்துகிறது. புதிதாகக் கற்றுக்கொள்ளுகிறவன் எதையும் நாலு முறை பார்ப்பான். அவனுக்குப் பயம் இருக்கிறது. கைதேர்ந்தவனுக்குப் பயம் போய்விடுகிறது. பயம் செய்துகொண்டிருந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதைத்தான் அட்டை செய்கிறது. முன்பெல்லாம் நல்ல அச்சகங்களில் ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றொருவர் புரூப் பார்ப்பார். எழுதினவரிடம் மட்டும் புரூப்பைக் கொடுக்கக்கூடாது என்பது பழைய அச்சகக்காரர்களின் சித்தாந்தம். அச்சில் இருப்பதை அவர் படிக்கமாட்டார். தான் எழுத நினைத்ததைத்தான் படிப்பார். இறக்கையைக் கட்டினவனும் அப்படித்தான். மடல் எப்படி அசைய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆகையால் அது அப்படியே அசைவதாக அவன் கண் சொல்லிவிடுகிறது. கண் பொய் சொல்லுவதில்லை, மனம் முந்திக்கொள்ளுகிறது.

கண்ணையே நம்ப முடியாமற்போன ஒருவர் இந்தத் துறையில் சாதித்ததை இங்கே சொல்லத் தோன்றுகிறது. மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர், 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 5 கிலோவுக்கு மேற்படாத ஒரு பால்ஸா விமானத்தை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட வைத்தார். கானடாவில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். 39 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கிளம்பும்போதும் இறங்கும்போதும் மனிதர்கள் ரேடியோவால் ஓட்டினார்கள். நடுக்கடலில் உள்ளே வைத்திருந்த கருவி ஓட்டிற்று. அப்போது ஹில்லுக்கு 77 வயது. பார்வை பெரும்பாலும் போய், சட்டத்தின் கணக்கில் பார்வையற்றவராகிவிட்டார்; காதும் மந்தம். முந்தைய வருஷம் அவருடைய குழு அனுப்பியவை எதுவும் கரை சேரவில்லை. நடுக்கடலில் போய் யாரும் திருகாணியை முடுக்க முடியாது. அந்த 39 மணி நேரத்துக்கும் வேண்டியதெல்லாம் கரையிலேயே, கையை விடுமுன்பே சரியாக இருந்தாக வேண்டும்.

வீடுகளிலும் இந்த அட்டை இருக்கிறது. எழுதி மாட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். "காஸை அணைத்தாயா?" "சாவி எடுத்துக்கொண்டீர்களா?" "மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?" கேட்கிறவர்கள் நம்மிடம் அக்கறை உள்ளவர்கள். ஆனால் நமக்கு வருவது எரிச்சல். நம் நினைவுக்கு ஒருவர் பரீட்சை வைப்பது போல இருக்கிறது. "எனக்குத் தெரியாதா?" என்கிறோம். தெரியும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேஜர் ஹில்லுக்கும் தெரிந்துதான் இருந்தது. கேட்கப்படுவது "தெரியுமா?" அல்ல, "இப்போது, இந்த வேளையில் பார்த்தாயா?" என்பதுதான். இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் எத்தனையோ வீடுகளில் கதவு படீரென்று சாத்தப்படாமல் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் மருமான் தனியாகப் போய், பெரியவர் அட்டையைப் படிக்க, விமானத்தைப் பறக்கவிட்டான். ஆறு நிமிஷம் பறந்ததாம். இறங்கும்போது ஒரு சக்கரம் சற்று வளைந்ததாம். நான் போகவில்லை. அக்கா டெலிபோனில் சொன்னாள். "பறந்ததாம், இறங்கிற்றாம், வந்துவிட்டான்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஒன்றும் நடக்காததை அதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்?

பஞ்சாங்கத்தில் நல்ல நாள், கெட்ட நாள் குறித்திருக்கிறார்கள். காலண்டரில் பண்டிகையும் அமாவாசையும் போடுகிறார்கள். 'இன்று விபரீதமாக ஒன்றும் நடக்கவில்லை' என்று எவரும் எந்த நாளையும் குறித்து வைப்பதில்லை. அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தால், நமக்குத் தெரியாமலே எத்தனை பேர் நமக்காகப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது தெரியவரும்.